நாடற்றோருக்குக் கடவுச்சீட்டு வழங்கிய நான்சன்

கையில் அடையாள அட்டை இல்லாத மனிதனின் நிலை எத்தகையது என்பதை எமது மக்களுக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரக் கிராமங்களைச் சிதைத்தபோது, உறவுகளையும் வீடுகளையும் மட்டுமன்றிப் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் அது அள்ளிச் சென்றது. உயிர் தப்பியவர்கள் தாம் யார் என்பதை நிரூபிக்க அலுவலகங்களின் வாசல்களில் காத்து நிற்க நேர்ந்தது. ஒரு துண்டுக் காகிதம் மனிதனின் வாழ்வையே தீர்மானிக்கக் கூடும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்து செயற்பட்டவர் நோர்வே நாட்டைச் சேர்ந்த பிரிட்ஜொவ் நான்சன்.

1861 ஒக்டோபர் 10ஆம் திகதி, இன்று ஒஸ்லோ என வழங்கும் நகரின் அருகே நான்சன் பிறந்தார். விலங்கியல் கற்று, நரம்பு மண்டலம் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், அதே 1888ஆம் ஆண்டில் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டால் இடைவழியில் திரும்பிவிட மனம் ஏவும். மேற்கை நோக்கிப் புறப்பட்டாலோ முன்செல்வதைத் தவிர வேறு வழியிராது என்பது அவரது கணக்கு. 1893இல் 'பிராம்' என்ற கப்பலைத் திட்டமிட்டே வடதுருவப் பனிக்குள் உறையவிட்டு, கடல்நீரோட்டத்தோடு மிதந்து சென்றார். பின்னர் ஒரேயொரு தோழருடன் கப்பலை விட்டிறங்கி நடந்து, 1895இல் அதுவரை எவரும் எட்டியிராத 86 பாகை 14 கலை வட அகலக்கோட்டை அடைந்தார். திரும்பும் வழியில் கல்லால் அமைத்த குடிசையில் கரடி இறைச்சியை உண்டு குளிர்காலத்தைக் கழித்த அவர், 1896இல் நாடு திரும்பியபோது உலகப் புகழ் பெற்றிருந்தார்.

அப்புகழோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆயினும் முதலாம் உலகப் போர் முடிந்த பின்னர் அவரது வாழ்வு வேறொரு திசையில் திரும்பியது. 1920இல் சர்வதேச சங்கம் போர்க் கைதிகளைத் தாயகம் சேர்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. நான்கு இலட்சத்துக்கும் அதிகமான கைதிகள் இரண்டாண்டுகளுக்குள் தத்தமது நாடுகளுக்குத் திரும்பினர். 1921இல் ரஷ்ய அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராகவும் அவர் நியமிக்கப்பட்டார்.

அதே ஆண்டில் வொல்கா நதிப் பிரதேசத்தைப் பெரும் பஞ்சம் பீடித்தது. வறட்சியோடு உள்நாட்டுப் போரும் கட்டாயத் தானியக் கொள்முதலும் சேர்ந்தே அப்பஞ்சத்தை விளைவித்தன. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்கள் மாண்டனர். பல இலட்சம் பேர் ஊர்களைவிட்டு வெளியேறினர். ஜெனீவாவில் அரசுகளிடம் நான்சன் கடனுதவி கோரினார்; அவ்வுதவி போல்ஷெவிக் ஆட்சியைப் பலப்படுத்திவிடும் என்ற அச்சத்தால் அரசுகள் கைவிரித்தன. மனந்தளராத அவர் தனியார் அமைப்புகளின் உதவியைத் திரட்டிப் பசித்தோருக்கு உணவு சேர்ப்பித்தார். 1922இல் கிடைத்த சமாதானத்துக்கான நோபல் பரிசின் பணத்தையும் நிவாரணப் பணிகளுக்கே வழங்கினார்.

வெளிநாடுகளில் சிதறிக் கிடந்த ரஷ்யர்களின் குடியுரிமையை 1921 டிசம்பரில் சோவியத் அரசு பறித்தது. எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத அவர்களால் எல்லையைக் கடக்கவும் இயலவில்லை. தொழில் தேடிச் செல்லவும் இயலவில்லை. இந்நிலையிலேயே 1922 ஜூலையில் 'நான்சன் கடவுச்சீட்டு' பிறந்தது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன; 1924இல் ஆர்மேனியர்களுக்கும் 1928இல் அசீரியர்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஓவியர் சகால், இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கி போன்றோர் அதனை வைத்திருந்தவர்கள். இவ்விடத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. அக்காலத்து ஏற்பாடுகளில் ஒருவர் ஏன் ஓடிவந்தார் என்பது முதற் கேள்வியாக இருக்கவில்லை. அவருக்குத் தமது அரசின் பாதுகாப்பு இருக்கிறதா, இல்லையா என்பதே கேள்வியாக இருந்தது.

நான்சன் தவறே இழைக்காதவர் என நாம் கூற வரவில்லை. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்களைப் பரிமாறும் யோசனையை முன்னெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 1923இல் லோசானில் கைச்சாத்தான உடன்படிக்கையின் கீழ், முன்னரே தப்பியோடியவர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு இலட்சம் வரையான கிறிஸ்தவர்கள் துருக்கியையும், மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் கிரேக்கத்தையும் நிரந்தரமாக இழந்தனர். கிரேக்க மொழி பேசிய கிரேட் தீவின் முஸ்லிம்களும், துருக்கி மொழி பேசிய அனத்தோலியக் கிறிஸ்தவர்களும் மதம் ஒன்றையே காரணமாகக் கொண்டு அந்நிய மண்ணுக்கு அனுப்பப்பட்டனர். மேலும் குருதி சிந்தாமல் தடுக்க அதுவே வழி எனக் கருதப்பட்டது. எனினும், பிறந்த மண்ணில் வாழும் உரிமையைப் பறித்து வழங்கப்படும் பாதுகாப்பு முழுமையான பாதுகாப்பாகாது என்பதை, இடம்பெயர்வின் வலியை அறிந்த எமது தமிழ், முஸ்லிம் மக்கள் நன்கறிவர்.

ஆர்மேனிய அகதிகளை நீர்ப்பாசனம் செய்த நிலங்களில் குடியமர்த்த அவர் வகுத்த திட்டத்துக்கும் அரசுகள் நிதி வழங்க மறுத்தன. அந்த ஏமாற்றத்துடனேயே 1930 மே 13ஆம் திகதி அவர் காலமானார். அவரது பெயரில் இயங்கிய அகதிகள் அலுவலகம் 1938இல் நோபல் பரிசைப் பெற்றது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம், இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியற் கருத்து ஆகியவற்றின் பேரிலான துன்புறுத்தலுக்கு அஞ்சுவோரையே அகதியெனக் கொள்கிறது. வெள்ளத்தாலும் வறட்சியாலும் கடல்மட்ட உயர்வாலும் எல்லை கடப்போருக்கு அதில் தெளிவான இடமில்லை. இவ்விடைவெளியை நிரப்ப 2012இல் நோர்வேயும் சுவிட்சர்லாந்தும் ஆரம்பித்த முயற்சிக்கு நான்சனின் பெயரே சூட்டப்பட்டது. 2015இல் ஜெனீவாவில் 109 அரசுகளின் பிரதிநிதிகள் அதன் பாதுகாப்பு நிகழ்ச்சிநிரலை ஆதரித்தனர். ஆயினும் அது எந்த அரசையும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாது. 2024இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் கீழ், கடலால் அச்சுறுத்தப்படும் துவாலு நாட்டவர்களில் ஆண்டுக்கு 280 பேர் வரை அவுஸ்திரேலியா ஏற்கிறது. இது நல்லதொரு தொடக்கமே. ஆனால் இரு நாடுகளுக்கிடையிலான ஏற்பாடு உலகுக்கான சட்டமாகிவிடாது.

அரசுகள் கைவிரித்த வேளையிலும் ஒரு துண்டுக் காகிதத்தால் இலட்சக்கணக்கானோருக்கு வழி திறக்க முடியும் என நான்சன் காட்டிச் சென்றார். ஏன் வந்தாய் எனக் கேட்பதற்கு முன்னர், உன்னைக் காப்பதற்கு எவருமுண்டா எனக் கேட்ட அந்த மரபை உலக நாடுகள் மீண்டும் கைக்கொள்ள வேண்டும். கடலை வாசலிற் கொண்டு வாழும் எமக்கு இது பிறர் விவகாரம் அன்று.