மச்சானிடம் தோற்ற சிங்கம்



ஃபைனல் இயர் வந்துட்டாலே ஹாஸ்டலில் ரெண்டு குரூப்தான். ஒன்று பிளேஸ்மென்ட், இன்னொன்று எம்.எஸ். அந்த எம்.எஸ். குரூப்பில் பாதிப் பேர் வாயில் வர்ற ஊர் மியூனிக். நானும் அந்தக் குரூப்தான். போகப் போற ஊரைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாமேன்னு படிக்க ஆரம்பிச்சேன். அப்படிக் கிடைச்சவர்தான் இந்த மனுஷர். பெயர் ஹென்றி. பட்டப்பெயர் சிங்கம். 12ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பேரரசருக்கு அடுத்து பெரிய ஆள் யாருன்னு கேட்டா, இவரைத்தான் கை காட்டியிருப்பாங்க.

முதல்ல குடும்பத்தைப் பார்ப்போம். ஏன்னா இந்தக் கதையே ஒரு குடும்பச் சண்டைதான்.

ஹென்றியின் அப்பா பவேரியா, சாக்சனி என்ற இரண்டு பெரிய நாடுகளுக்கும் டியூக், அதாவது கோமகன். அம்மா கெர்ட்ரூட், பேரரசர் மூன்றாம் லோத்தாரின் ஒரே மகள். அதனால் லோத்தார் இறந்ததும் அடுத்த அரசர் மருமகன்தான்னு எல்லோரும் நினைச்சாங்க. ஆனா 1138இல் தேர்வானவர் ஹோஹென்ஸ்டாஃபன் குடும்பத்து மூன்றாம் கான்ராட். புது அரசர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஹென்றியின் அப்பாவிடமிருந்து ரெண்டு நாட்டையும் பிடுங்கினதுதான். அடுத்த வருஷமே அப்பா இறந்துட்டார். ஹென்றி அப்போ சின்னப் பையன். பாட்டி ரிச்சென்சாதான் பேரனுக்காக சாக்சனியில் நின்று போராடினார். 1142இல் சாக்சனி மட்டும் திரும்பக் கிடைச்சது. 1143இல் அம்மாவும் போயிட்டாங்க.

1152இல் கதை மாறுது. அந்த வருஷம் அரசரானவர் ஃப்ரெடரிக் பார்பரோசா. சிவப்புத் தாடி என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். இவர் கான்ராடின் அண்ணன் மகன். ஆனா இவரோட அம்மா யூடித், ஹென்றியின் அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர். அதாவது பார்பரோசா ஹென்றிக்கு அத்தை மகன். நம்ம முறைப்படி சொன்னா மச்சான்!

மச்சான் அரசரானதும் எல்லாமே நல்லா நடந்தது. 1155இல் ரோம் நகரில் பார்பரோசா பேரரசராக முடிசூடிய நாளில் கலவரம் வெடிச்சப்போ, முன்னால் நின்று சண்டை போட்டவர்களில் ஹென்றியும் ஒருத்தர். 1156இல் பவேரியாவும் அவர் கைக்குத் திரும்ப வந்தது. அப்பா இழந்த ரெண்டையும் மகன் வாங்கிட்டார்.

இப்போ மியூனிக். அந்தக் காலத்தில் உப்புன்னா காசு. உப்பு வண்டிகள் ஈசார் ஆற்றைக் கடக்கணும். பாலம் ஃப்ரைசிங் பிஷப்புக்குச் சொந்தம், சுங்கமும் அவருக்கே. அந்த பிஷப் ஓட்டோ, பேரரசருக்கே சித்தப்பா. ஹென்றி அதைப் பத்தியெல்லாம் கவலைப்படல. பிஷப்பின் பாலத்தை ஒழிச்சுட்டு, ஆற்றின் மேல்பக்கம் கொஞ்ச தூரத்தில் தன் பாலத்தையும் சந்தையையும் வெச்சுட்டார். கேஸ் பேரரசரிடம் போச்சு. 1158 ஜூன் 14 அன்று ஆக்ஸ்பர்கில் தீர்ப்பு: சந்தை புது இடத்திலேயே இருக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு பிஷப்புக்கு. இன்னைக்கும் மியூனிக் தன் பிறந்தநாளாக் கொண்டாடுறது அந்தத் தேதியைத்தான்.

1159இல் வடக்கே லூபெக் நகரத்தைப் புதுசாக் கட்டினார். பின்னாளில் பால்டிக் கடல் வணிகத்துக்கே தலைநகர் மாதிரி ஆன ஊர் அது. தன் சொந்த ஊரான பிரவுன்ஷ்வைக்கில் வெண்கலத்தில் ஒரு சிங்கச் சிலை வெச்சார். சுமார் 880 கிலோ, உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்தது. நம்ம மெக்கானிக்கல் பசங்க காஸ்டிங் லேபில் ஒரு சின்ன பீஸுக்கே படுற பாட்டை நினைச்சுப் பாருங்க. அது 1166ஐ ஒட்டிச் செய்தது!

ஆனா இவர் நல்லவர்னு நான் சொல்ல வரல. கிழக்கே இருந்த ஸ்லாவ் மக்களின் நிலத்தைப் போர் செய்துதான் பிடிச்சார். சுற்றியிருந்த பிஷப்புகள், சிற்றரசர்கள் எல்லோரையும் பகைச்சுக்கிட்டார். 1168இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள் மட்டில்டாவைக் கல்யாணம் பண்ணினார். இவர் முப்பதைத் தாண்டியவர், அந்தப் பொண்ணுக்கு 12 வயசுகூட ஆகல. அரச குடும்பங்களில் அன்னைக்குக் கல்யாணம்னா அதுவும் ஒரு டீல்தான்.

எல்லாம் உடைஞ்சது 1176இல். இத்தாலியில் போர். பார்பரோசாவுக்குப் படை போதல. கியாவென்னாவில் மச்சானைச் சந்தித்து உதவி கேட்டார். பேரரசரே முழங்காலிட்டுக் கேட்டதாகப் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹென்றி மறுத்துட்டார். பதிலுக்கு வெள்ளிச் சுரங்கம் இருந்த கோஸ்லார் நகரத்தைக் கேட்டதாகவும் சொல்வார்கள். அந்த மே மாதமே லெக்னானோவில் பார்பரோசா தோற்றார்.

அதுக்கப்புறம் ஹென்றி மேல் புகார் வந்தப்போ காப்பாற்ற மச்சான் இல்ல. கூப்பிட்ட விசாரணைக்கு எல்லாம் ஹென்றி போகவும் இல்ல. 1180இல் சாக்சனியைத் துண்டு போட்டுப் பங்கு பிரிச்சாங்க. பவேரியா விட்டல்ஸ்பாக் குடும்பத்துக்குப் போச்சு. 1918 வரை அவங்களேதான் வெச்சிருந்தாங்க. 1181இல் எர்ஃபர்ட்டில் ஹென்றி பேரரசர் காலில் விழுந்தார். முழங்கால் இந்த முறை இவருடையது. அடுத்த வருஷம் நாட்டை விட்டே போகணும். மனைவி, பிள்ளைகளோடு மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வின்செஸ்டரில்தான் மகன் வில்லியம் பிறந்தான். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

திரும்பி வந்து, 1189இல் மறுபடியும் வெளியேற்றம். அந்த வருஷமே மட்டில்டா பிரவுன்ஷ்வைக்கில் இறந்துட்டாங்க. ஹென்றி தடையை மீறி வந்தார். தன்னை மதிக்காத பார்டோவிக் என்ற ஊரையே தரைமட்டமாக்கினார். தோல்வியும் அவரை மென்மையாக்கல.

சண்டையை முடிச்சு வெச்சது யார் தெரியுமா? ஒரு ரகசியக் கல்யாணம். பார்பரோசாவின் தம்பி மகள் ஆக்னெஸ். ஹென்றியின் மூத்த மகன் பெயரும் ஹென்றிதான். பெண்ணின் அப்பாவுக்கே தெரியாமல், அம்மாவின் ஏற்பாட்டில், ரைன் நதிக்கரையில் ஸ்டாலெக் கோட்டையில் ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. 1194இல் ரெண்டு குடும்பமும் சமாதானம். அடுத்த வருஷம் 1195 ஆகஸ்ட் 6 அன்று சிங்கம் கண்ணை மூடிடுச்சு. பிரவுன்ஷ்வைக் தேவாலயத்தில் மட்டில்டா பக்கத்திலேயே படுத்திருக்கார்.

இன்னொரு மகன் ஓட்டோ 1209இல் பேரரசராகவே ஆனார், ஆனா வாரிசு இல்ல. அந்த வில்லியமோட மகன் வழியில்தான் குடும்பம் நீண்டது. 1714இல் பிரிட்டன் அரசரான முதலாம் ஜார்ஜ், பிறகு விக்டோரியா, அவர் பேரன் ஐந்தாம் ஜார்ஜ். நம்ம சென்னை ஜார்ஜ் டவுனுக்குப் பெயர் வந்தது அந்த ஐந்தாம் ஜார்ஜாலதான்!

எனக்கு இதில் மனசுல நின்றது ஒன்றுதான். மச்சான் கொடுத்த பட்டத்தை மச்சானே ஒரு கையெழுத்தில் எடுத்துக்கிட்டார். பட்டம் அப்படித்தான். ஆனா ஆற்றங்கரையில் வெச்ச சந்தையை யாராலும் எடுக்க முடியல. இந்த வருஷம் நம்மில் சிலருக்கு ஆஃபர் லெட்டர் வரும், சிலருக்கு வராது. வந்தது திரும்பிப் போகவும் செய்யலாம். நாலு வருஷமா நாம கையால் செஞ்சது நம்மகிட்டதான் இருக்கும்.

ஆனா ஒன்று, மச்சான் உதவி கேட்டா மட்டும் யோசிச்சு பதில் சொல்லுங்க!