வெள்ளையணுக்களை வகைப்படுத்திய மருத்துவர் பால் எர்லிக்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் என ஐந்து வகை வெள்ளையணுக்களின் விழுக்காடு தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். இப்பகுப்பிற்கு அடித்தளமிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் ஆவார்.

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று, அன்றைய பிரஷ்ய நாட்டின் சைலீசியாப் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறந்த ஊர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. மருத்துவம் பயிலும்போதே, துணிகளுக்கான அனிலின் சாயங்களைக் கொண்டு உடல் திசுக்களுக்கு நிறமூட்டும் ஆய்வில் ஈடுபட்டார். 1878இல் இத்துறையிலேயே முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார்.

பின்னர் பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில் பணியாற்றினார். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தை மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்த்திச் சூடாக்கி, அதன்மேல் சாயங்களை இட்டு ஆராய்ந்தார். வெள்ளையணுக்கள், உள்ளிருக்கும் துகள்கள் ஏற்ற நிறத்தால் வேறுபட்டுத் தெரிந்தன. அமிலச் சாயத்தை ஏற்பவை ஈசினோஃபில் என்றும், காரச் சாயத்தை ஏற்பவை பேசோஃபில் என்றும், நடுநிலைச் சாயத்தை ஏற்பவை நியூட்ரோஃபில் என்றும் பெயர் பெற்றன.

1888இல், கடும் இரத்தசோகையால் உயிரிழந்த ஓர் இளம் கர்ப்பிணியின் எலும்பு மஜ்ஜையை எர்லிக் ஆராய்ந்தார். அதில் இரத்த அணுக்களுக்குப் பதிலாகக் கொழுப்பே நிறைந்திருந்தது. மஜ்ஜை செயலிழப்பதால் தோன்றும் ஏபிளாஸ்டிக் இரத்தசோகை குறித்த முதல் பதிவு இதுவே.

துகள் கொண்ட அணுக்களும் லிம்ஃபோசைட்டுகளும் முற்றிலும் வெவ்வேறு மூலங்களிலிருந்து தோன்றுபவை என எர்லிக் கருதினார். இக்கருத்து பின்னர் திருத்தப்பட்டது. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரே வகைக் குருத்தணுவிலிருந்தே எல்லா இரத்த அணுக்களும் உருவாகின்றன என்பது இன்று உறுதியாகியுள்ளது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது.

காசநோயால் பாதிக்கப்பட்ட எர்லிக், எகிப்தில் தங்கி உடல்நலம் தேறினார். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908இல் இல்யா மெக்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிபிலிஸ் நோய்க்கு அவர் குழுவினர் கண்டறிந்த சல்வர்சான் மருந்து 1910இல் பயன்பாட்டிற்கு வந்தது. 1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று அவர் காலமானார்.

நோயாளிகள் அறிய வேண்டியவை

நியூட்ரோஃபிலின் இளம் அணு, பெரிய உருண்டையான உட்கருவைக் கொண்டது. அது முதிரும்போது துகள்கள் தோன்றி, உட்கரு பல மடல்களாகப் பிரிகிறது. மஜ்ஜையில் இம்முதிர்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆனால் முதிர்ந்த அணு இரத்தத்தில் ஒரு நாள் அளவே சுற்றி வரும். எனவே மஜ்ஜை இடைவிடாது புதிய அணுக்களை உருவாக்க வேண்டியுள்ளது.

பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருப்பது இயல்பு. தொற்று ஏற்படும்போது இவ்வெண்ணிக்கை உயரக்கூடும். எண்ணிக்கையில் ஏற்படும் சிறு மாற்றத்தை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மிக இளம் அணுக்கள் இரத்தத்தில் காணப்படுவதாக அறிக்கை கூறினால், தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி, மஜ்ஜையின் உற்பத்தியைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. பெரும்பாலும் மருந்து செலுத்திய 7 முதல் 14 நாட்களில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை மிகவும் தாழ்கிறது. அந்நாட்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் சென்றால், காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருத்தல் கூடாது. இரவு நேரமாயினும் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கீமோதெரபி பெற்ற நாளை அங்குள்ள மருத்துவரிடம் முதலில் தெரிவியுங்கள்.