டாக்டர் பட்டம் பெற்ற படக்கதை மன்னர்

ஜப்பான் நாட்டில் படக்கதைக்கு 'மங்கா' என்று பெயர். பக்கத்து நாடான கொரியாவில் அதையே 'மன்வா' என்கிறார்கள். இரண்டும் ஒரே சீனச் சொல்லில் இருந்து வந்தவைதான். பெயர் ஒன்று, ஆனால் கதை சொல்லும் முறை வேறு.

ஜப்பானியப் படக்கதைக்கு ஒரு புது நடையை அமைத்துக் கொடுத்தவர், டாக்டருக்குப் படித்தவர். அவர் பெயர் ஒசாமு தெசூகா.

பூச்சி பிடித்த சிறுவன்

1928-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, ஒசாக்கா நகரை அடுத்த டொயோனாகா என்ற ஊரில் தெசூகா பிறந்தார். வளர்ந்தது தகராசுகா என்ற ஊரில்.

சுருட்டை முடி, மூக்குக் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் கேலி செய்வார்கள். அவனுக்கு நன்றாகப் படம் போட வரும் என்பது தெரிந்ததும் கேலி நின்றது. பையன்கள் படம் பார்க்கச் சூழ்ந்து கொண்டார்கள்.

பூச்சி பிடிப்பது என்றால் சிறுவனுக்குக் கொள்ளை ஆசை. 'ஒசாமுஷி' என்று ஒரு வண்டு உண்டு. தன் பெயரும் வண்டின் பெயரும் ஒத்திருக்கவே, பூச்சியைக் குறிக்கும் எழுத்தைத் தன் பெயரோடு சேர்த்துக் கொண்டான். அதுவே பின்னால் புனைபெயர் ஆயிற்று.

தந்தையிடம் வீட்டில் சினிமா காட்டும் சிறிய மிஷின் ஒன்று இருந்தது. சாப்ளின் படமும் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படமும் வீட்டுக்குள்ளேயே ஓடும். சிறுவன் கண் கொட்டாமல் பார்ப்பான். பின்னால் அவர் செய்த புதுமைக்கெல்லாம் வித்து இந்த மிஷின்தான்.

குண்டு மழை

போர் வந்தது. மாணவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். 1945 ஜூன் மாதம். தெசூகாவுக்கு 16 வயது. ஒசாக்காவில் ஒரு தொழிற்சாலையின் கோபுரத்தில் காவல் இருந்தபோது, விமானங்கள் கூட்டமாக வந்து குண்டு பொழிந்தன. சுற்றிலும் நெருப்பு. அவர் பிழைத்தது அதிசயம். இறங்கி ஆற்றங்கரைக்கு ஓடினார். அங்கே கண்ட இடமெல்லாம் பிணங்கள்.

ஆகஸ்டில் போர் முடிந்தது. அன்றிரவு ஒசாக்காவில் மீண்டும் விளக்குகள் எரிந்தன. இனி உயிரோடு இருக்கலாம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அதே ஆண்டு ஒசாக்கா பல்கலைக் கழகத்தில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். 1946-ல் குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் நாலு கட்டத் துணுக்குப் படம் போடத் தொடங்கினார். பகலில் வைத்தியப் பாடம். மற்ற நேரம் எல்லாம் படம்.

காகிதத்தில் சினிமா

1947-ல் 'புதிய புதையல் தீவு' என்ற புத்தகம் வெளிவந்தது. கதை அமைப்பு சகாய் ஷிச்சிமா என்பவருடையது; படம் தெசூகா. தொடக்கத்தில் ஒரு சிறுவன் கப்பல் துறையை நோக்கிக் காரில் பறக்கிறான். அவ்வளவுதான் சம்பவம். பழைய முறையில் இதை ஒரு கட்டத்தில் முடித்திருப்பார்கள். தெசூகா பல கட்டம் எடுத்துக் கொண்டார். ஒன்றில் கார் தூரத்தில் வருகிறது. இன்னொன்றில் சிறுவனின் முகம். பிறகு கார் கண் முன்னே பாய்கிறது. பேச்சு அநேகமாக இல்லை. சினிமாக் காமிராவின் வேலையைப் பேனா செய்தது! புத்தகம் 4 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள். படித்த சிறுவர்களில் பலர் பின்னாளில் தாங்களும் படக்கதை எழுதினார்கள்.

ஒரு கணத்தைப் பல கட்டமாக நீட்டுவது, சிறியதும் பெரியதுமான கட்டங்களை ஒரே பக்கத்தில் அடுக்குவது, வலமிருந்து இடமாகப் படிப்பது, அநேகமாகக் கறுப்பு வெள்ளை மட்டும். இவை மங்காவின் அடையாளங்கள்.

கொரியாவின் கதை வேறு. 1909-ல் அங்கே ஒரு தினத்தாளில் லீ டோ-யோங் என்பவர் கேலிச் சித்திரம் போட்டார். ஒரே கட்டம், கேலிக்கு ஆளானது ஜப்பானிய ஆதிக்கம். மறு ஆண்டே ஜப்பான் கொரியாவை விழுங்கியது, பத்திரிகையும் போயிற்று. விடுதலைக்குப் பின் வாடகைப் புத்தகக் கடைகளில் மன்வா வளர்ந்தது. அடிமைப்படுத்திய நாட்டின் படக்கதைக்கு, 1998-ல்தான் கொரிய அரசு முறைப்படி கதவைத் திறந்தது.

இன்றைய மன்வா இடமிருந்து வலமாகப் போகிறது. டெலிபோன் திரையில் படிப்பதற்கென்றே வரைவது என்றால், மேலிருந்து கீழே ஒரே வரிசை, வர்ணமும் உண்டு. பக்கம் என்பதே கிடையாது. இரண்டு கட்டத்துக்கு நடுவே வெற்றிடம் நீண்டால், கதையில் அவ்வளவு நேரம் போயிற்று என்று அர்த்தம். தெசூகா கட்டங்களைக் கூட்டி நேரத்தை நீட்டினார். கொரியர்கள் வெற்றிடத்தைக் கூட்டி நீட்டுகிறார்கள். இங்கே வாசகரின் விரல்தான் சினிமா மிஷின்!

டாக்டரா, ஓவியரா?

படிப்பு முடியும் தறுவாயில் தெசூகாவுக்குக் குழப்பம். டாக்டர் தொழில் கௌரவம். படக்கதையை அன்று யாரும் மதிக்கவில்லை. தாயாரிடம் யோசனை கேட்டார். எது மனசுக்குப் பிடிக்கிறது என்று தாயார் திருப்பிக் கேட்டார். படக்கதை என்றார் மகன். அப்படியானால் அதையே செய் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள். எத்தனை தாய்க்கு இந்தத் துணிவு வரும்? ஆனாலும் மகன் வைத்தியத் தேர்விலும் தேறினார். 1961-ல் நத்தையின் உயிரணுக்களை ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவர் படைத்த பாத்திரங்களில் புகழ் பெற்றவன் 'அணு' என்ற இயந்திரச் சிறுவன். 1951-ல் வேறொரு கதையில் தோன்றி, 1952-ல் தனிக் கதைக்கு நாயகன் ஆனான். விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி, அதே முகத்தோடு ஓர் இயந்திரப் பிள்ளையைச் செய்கிறார். பிள்ளை வளரவே இல்லை. வெறுத்துப்போய் சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார்! குழந்தைகளுக்கான கதைதான், படித்தால் பெரியவர் கண்ணும் கலங்கும்.

1963 ஜனவரி 1-ந் தேதி அணு டெலிவிஷனுக்கு வந்தான். வாரம் அரை மணி நேரம். கிடைத்த பணம் செலவுக்குக் கட்டவில்லை. படங்களைக் குறைத்தார்கள், ஒருமுறை வரைந்ததையே மறுபடி பயன்படுத்தினார்கள். 193 படங்கள் ஓடின, அமெரிக்காவிலும் காட்டினார்கள். நஷ்டம் மட்டும் நிற்கவில்லை. 1973-ல் அவர் தொடங்கிய படக் கம்பெனி திவாலாயிற்று. புதிய ஓவியர்கள் வந்துவிட்டார்கள், தெசூகாவின் காலம் முடிந்தது என்று பேசிக் கொண்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் 'பிளாக் ஜாக்' என்ற கதையைத் தொடங்கினார். லைசென்சு இல்லாமல் ஆபரேஷன் செய்யும் டாக்டரின் கதை. படித்த வைத்தியம் கை கொடுத்தது. வாசகர்கள் திரும்பி வந்தார்கள். புத்தர் பெருமானின் வரலாற்றையும் 1972 முதல் 1983 வரை படக்கதையாக வரைந்தார். வாழ்நாளில் அவர் வரைந்தது சுமார் ஒன்றரை லட்சம் பக்கம்.

வயிற்றில் புற்றுநோய் கண்டது. நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பது அக்கால ஜப்பானிய வழக்கம். டாக்டரான அவரிடமும் மறைத்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் வரைந்துகொண்டே இருந்தார். கடைசி நாட்களில் வேலை செய்ய விடும்படி கெஞ்சினாராம். 1989 பிப்ரவரி 9-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 60. மூன்று தொடர்கதைகள் பாதியில் நின்றன. அவற்றில் ஒன்றான 'நியோ பாஸ்ட்' கதையின் முடிவுப் பக்கங்களுக்கு மை போட அவருக்கு அவகாசம் இல்லை. அவை பென்சில் கோடுகளாகவே கிடக்கின்றன.