பூனைக்குட்டியின் தந்தை: அபூஹுரைரா (ரலி) வாழ்வில் நமக்குள்ள பாடம்

ஹதீஸ் நூல்களைப் புரட்டும்போது மற்றெந்த ஸஹாபியின் பெயரையும் விட அதிகமாக நம் கண்ணில் படும் பெயர் அபூஹுரைரா (ரலி). அவர்கள் வழியாக நமக்கு வந்துள்ள அறிவிப்புகள், திரும்ப வருபவற்றையும் சேர்த்து, 5374 என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆனால் அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, பட்டப்பெயர். பூனைக்குட்டியின் தந்தை என்பது அதன் பொருள்.

இன்று நம் வீடுகளிலும் பூனை வளர்க்கும் ஆசை பெருகிவிட்டது. அதைப் பிள்ளை என்றே அழைத்து, குடும்பத்தில் ஒருவராகக் கொண்டாடுகிறார்கள் சிலர். காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே, நோய் வந்தால் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள் வேறு சிலர். வளர்ப்புப் பிராணி குடும்பத்தில் ஒன்றா, வெறும் உடைமையா? பூனையின் பெயராலேயே அறியப்பட்ட அந்த நபித்தோழரின் வாழ்வை இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

தௌஸ் குலத்து இளைஞர்

அவர்கள் யமன் பகுதியைச் சேர்ந்த தௌஸ் குலத்தவர். அறியாமைக் காலத்தில் அப்து ஷம்ஸ், அதாவது சூரியனின் அடிமை என்று பெயர் இருந்ததாகவும், இஸ்லாத்தை ஏற்ற பின் அப்துர் ரஹ்மான் ஆனதாகவும் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அக்குலத்தின் துஃபைல் இப்னு அம்ர் (ரலி) மக்காவில் நபி (ஸல்) அவர்களைச் சந்தித்து ஈமான் கொண்டு, ஊர் திரும்பித் தம் மக்களை அழைத்தபோது, அந்த அழைப்பை ஏற்ற சிலரில் இவரும் ஒருவர்.

தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்ப்பது அவர்களின் வேலை. அவர்களிடம் ஒரு சிறு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் பத்திரமாக வைப்பார்கள். பகலில் கூடவே எடுத்துச் சென்று அதோடு விளையாடுவார்கள். அதைப் பார்த்தே மக்கள் அபூஹுரைரா என்று அழைத்தார்கள். இந்தச் செய்தியை அவர்களே சொன்னதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி 7-ல், கைபர் போர் நடந்த நேரத்தில் மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். வரும் வழியில் அவர்களுடைய அடிமை காணாமல் போய்விட்டார். நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்து அமர்ந்திருந்தபோது அந்த அடிமை தேடிக்கொண்டு வந்து நின்றார். அபூஹுரைரா (ரலி) அந்த இடத்திலேயே அவரை அல்லாஹ்வுக்காக விடுதலை செய்தார்கள். உடைமை பற்றி அவர்களின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு இது முதல் அடையாளம்.

பசித்த வயிறும் ஒரு கிண்ணம் பாலும்

மதீனாவில் அவர்களுக்கு நிலமும் இல்லை, வியாபாரமும் இல்லை. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கிய ஏழைத் தோழர்களோடு தங்கினார்கள். முஹாஜிர்கள் கடைத்தெருவிலும், அன்ஸார்கள் தோட்டங்களிலும் உழைத்த நேரத்தில் இவர்கள் நபி (ஸல்) அவர்களையே சுற்றி இருந்தார்கள். பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிய நாட்களும் உண்டு. மயங்கி விழுந்தபோது, பைத்தியம் என்று மக்கள் நினைத்ததும் உண்டு.

அப்படியொரு நாளில் நபி (ஸல்) அவர்கள் இவருடைய முகத்தைப் பார்த்தே பசியைப் புரிந்துகொண்டு, அபூஹிர் என்று செல்லமாக அழைத்து வீட்டுக்குக் கூட்டிச் சென்றார்கள். அதற்கும் பூனையின் தந்தை என்றே பொருள். அங்கே ஒரு கிண்ணம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் எல்லோரையும் அழைத்து வரச் சொன்னார்கள். நமக்கு என்ன மிஞ்சும் என்ற கவலையோடுதான் அபூஹுரைரா (ரலி) போனார்கள். எல்லோரும் வயிறாரக் குடித்த பின்பும் பால் மீதமிருந்தது. இனி இடமே இல்லை என்னும் வரை இவரைக் குடிக்க வைத்துவிட்டு, எஞ்சியதை நபி (ஸல்) அவர்கள் கடைசியாக அருந்தினார்கள்.

பசியின் வேதனையை உடம்பால் அறிந்தவர் என்பதை நினைவில் வைத்து, அவர்கள் அறிவித்த ஹதீஸ்களைப் பார்க்க வேண்டும். ஒரு பெண் பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவு தராமல், பூமியிலுள்ள பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்ததற்காக நரகம் சென்ற செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்களைப் போலவே இவர்களும் அறிவித்துள்ளார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த செய்தியும் இவர்கள் வழியாகவே வந்தது. எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரித்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தியும் அப்படியே.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்த நாய் அம்மனிதரின் வளர்ப்பு நாய் அல்ல. குடும்பமும் இல்லை, உடைமையும் இல்லை. ஆனாலும் நன்மை எழுதப்பட்டது. அந்தப் பெண்ணோ, பூனையைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டாள், பிடிக்குரிய பொறுப்பை மட்டும் விட்டுவிட்டாள். இரக்கத்துக்கு உறவு நிபந்தனை அல்ல. உரிமை கொண்டாடினாலோ பொறுப்பு கூடிவிடுகிறது.

அவர்களின் குடும்பம்

பூனைக்குத் தந்தை என்று அழைக்கப்பட்டவர் தம் தாய்க்கு எப்படிப்பட்ட மகன்? தாயார் நீண்ட நாள் ஈமான் கொள்ளவில்லை. ஒரு நாள் நபி (ஸல்) அவர்களைப் பற்றித் தாயார் தகாத வார்த்தை பேச, அழுதுகொண்டே போய் துஆ செய்யக் கேட்டார்கள். நபியவர்கள் துஆ செய்தார்கள். வீடு திரும்பினால் கதவு சாத்தியிருந்தது, உள்ளே தண்ணீர்ச் சத்தம். தாயார் குளித்து உடையணிந்து வந்து கதவைத் திறந்து கலிமா மொழிந்தார்கள். இம்முறை மகிழ்ச்சியால் அழுதபடி நபியவர்களிடம் ஓடினார்கள். அந்தத் தாய் உயிரோடிருந்த வரை அவரை விட்டு ஹஜ்ஜுக்குக் கூடப் போகவில்லை என்று முஸ்லிமில் உள்ளது.

அவர்கள் வீட்டில் ஏழு நாட்கள் விருந்தாளியாக இருந்தவர் கண்ட காட்சி இன்னொன்று. அபூஹுரைரா (ரலி), மனைவி, பணியாள் மூவரும் இரவை மூன்றாகப் பங்கிட்டு, ஒருவர் தொழுது முடித்ததும் அடுத்தவரை எழுப்பிவிடுவார்கள். குடும்பம் என்பது ஒருவரையொருவர் மறுமைக்காக எழுப்பிவிடும் கூட்டம் என்பது அந்த வீட்டில் தெரிகிறது. பூனைக்கு அந்தக் கடமை இல்லை. ஆகவே அதை மனிதப் பிள்ளையின் இடத்தில் வைக்க மார்க்கம் சொல்லவில்லை. வளர்ப்பு மகனைக்கூடச் சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது அஹ்ஸாப் அத்தியாயம். அலீ (ரலி) அவர்களுக்கு மண்ணின் தந்தை என்ற பொருளில் அபூதுராப் என்று பெயர் வந்ததைப் போல, அபூஹுரைரா என்பதும் பிரியத்தைக் காட்டும் பெயரே தவிர, வம்சத்தைக் காட்டும் பெயர் அல்ல.

விலை பேசப்படாத உயிர்

அப்படியானால் வெறும் உடைமைதானா? அபூகதாதா (ரலி) ஒளூச் செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். சுற்றி வருபவர்கள் என்ற இதே சொல்லை நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் வீட்டுப் பணியாளர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் பயன்படுத்துகிறது. வாரிசு அல்ல, ஆனால் வீட்டோடு புழங்கும் உயிர். பூனைக்குக் கிடைத்த இடம் இதுதான்.

பூனையின் விலை பற்றி ஜாபிர் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நபியவர்கள் அதைக் கண்டித்ததாகச் சொன்னார்கள். நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் உள்ளிட்ட பெரும்பான்மை அறிஞர்கள் வீட்டுப் பூனையை விற்பது கூடும் என்றே கூறி, அந்த ஹதீஸுக்கு வேறு விளக்கம் தருகின்றனர். ஆனால் பூனையை விற்கக் கூடாது என்று சொன்னவர்களின் பட்டியலில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரை இப்னுல் முன்திர் குறிப்பிட்டதாக இமாம் நவவீ எழுதியுள்ளார்கள். பூனையை மரத்தில் பத்திரப்படுத்திய அந்த இளைஞர், முதுமையிலும் அதை விலை பேசும் சரக்காகப் பார்க்கவில்லை போலும்.

விற்பது கூடும் என்றவர்களும் கைவிடுவது கூடும் என்று சொல்லவில்லை. தீனி போட மறுப்பவரைத் தீனி போடவோ, விற்றுவிடவோ கட்டாயப்படுத்த வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம். கிழடாகியோ நோயுற்றோ பயனற்றுப் போன பிராணிக்கும் செலவு செய்வது அதன் உரிமை என்று ஹிஜ்ரி 660-ல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் எழுதினார்கள்.

விறகு சுமந்த அமீர்

உமர் (ரலி) காலத்தில் பஹ்ரைனின் ஆளுநரானார்கள். திரும்பியபோது கையிலிருந்த பணம் பற்றி உமர் (ரலி) கடுமையாக விசாரித்தார்கள். குதிரைகள் குட்டி போட்டுப் பெருகியது உள்ளிட்ட கணக்கைச் சொன்னார்கள். பின்னர் மீண்டும் பதவி தர முன்வந்தபோது மறுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் மர்வானுக்குப் பதிலாக மதீனாவின் நிர்வாகத்தைக் கவனித்தபோதும், விறகுக் கட்டைச் சுமந்தபடி கடைத்தெருவில் அமீருக்கு வழிவிடச் சொல்லி வேடிக்கையாகப் போனார்கள். ஏறத்தாழ 78 வயதில், ஹிஜ்ரி 57-க்கும் 59-க்கும் இடையில் மறைந்து, ஜன்னதுல் பகீயில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பயணம் நீண்டது, கட்டுச்சோறு குறைவு என்று எண்ணி மரணப் படுக்கையில் அழுதார்கள்.

பூனை நம் பிள்ளையும் அல்ல, நம் சாமானும் அல்ல. அது அல்லாஹ் நம்மிடம் விட்டு வைத்த அமானிதம். பிள்ளைகளுக்கு ஒரு குட்டியை வாங்கிக் கொடுக்கும் முன், அதற்கு வயதாகும் நாளிலும் கிண்ணத்தில் தண்ணீர் வைக்க நம் வீட்டில் யார் இருப்பார் என்று முடிவு செய்துகொள்வோம். அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.