இரும்பாலைக்குப் போகாத பாபா

பம்பாயில் வசதி படைத்த குடும்பம். தந்தை ஜஹாங்கீர் பாபா வக்கீல். 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி அவருக்கு மகன் பிறந்தான். ஹோமி என்று பெயர் வைத்தார்கள்.

ஹோமியின் அத்தையை மணந்தவர் தோராப்ஜி டாட்டா. அதனால் குடும்பத்துக்கு ஓர் ஆசை. பையன் என்ஜினீயர் ஆக வேண்டும். ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் வேலை பார்க்க வேண்டும்!

தந்தை போட்ட நிபந்தனை

1927-ல் ஹோமி இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். ஆனால் மனம் எந்திரத்தில் ஒட்டவில்லை. பௌதிகமே தன் வழி என்று தந்தைக்குக் கடிதம் எழுதினார்.

தந்தை கோபிக்கவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பில் தேறினால், விரும்பியதைப் படிக்கலாம்.

1930-ல் ஹோமி முதல் வகுப்பில் தேறினார். தந்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பிறக்கும் ஜோடி

அணுவுக்குள் எலெக்ட்ரான் என்ற துகள் உண்டு. 1932-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆண்டர்சன் அதன் மறுபாதியைக் கண்டுபிடித்தார். அதுதான் பாசிட்ரான். எடை ஒன்றே, மின்சாரம் மட்டும் நேர் எதிர்.

மின்சாரம் கொண்ட ஒரு துகள் அதிவேகமாக வந்து, ஓர் அணுக்கருவை நெருங்குகிறது. அதன் சக்தியில் ஒரு பகுதி பொருளாக மாறுகிறது. ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கின்றன! இதற்குக் கொஞ்சநஞ்ச சக்தி போதாது. சுமார் 7 லட்சம் டார்ச் செல்களை வரிசையாக இணைத்து, ஓர் எலெக்ட்ரானை உந்தித் தள்ளினால் எவ்வளவு சக்தி வருமோ, அவ்வளவு வேண்டும்.

எந்த வேகத்தில் மோதினால் எத்தனை ஜோடி பிறக்கும்? 1935-ல் பாபா இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 25.

1937-ல் ஹைட்லர் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து அடுத்த படி ஏறினார். வானிலிருந்து வரும் ஒரே ஒரு எலெக்ட்ரான் காற்றில் மோதி ஒளிக்கதிரை எழுப்புகிறது. அந்தக் கதிர் ஜோடியாகிறது. ஜோடி மீண்டும் கதிரை எழுப்புகிறது. இப்படி ஒன்று பலவாகி மழையாய்ப் பொழிவதை இருவரும் விளக்கினார்கள்.

தாயகத்தில்

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். யுத்தம் மூண்டது. இங்கேயே தங்கிவிட்டார். 1945-ல் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அவர் தலைமையில் 1956-ல் இந்தியாவின் முதல் அணு உலை, அப்சரா, இயங்கியது.

1966 ஜனவரி 24-ந் தேதி அவர் சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதியது. பாபா மாண்டார். வயது 56.

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதற்கு, உலக விஞ்ஞானிகள் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். மகனின் கடிதத்தை அன்று தந்தை கிழித்துப் போட்டிருந்தால், அந்தப் பெயர் இரும்பாலையின் சம்பளப் பட்டியலோடு நின்றிருக்கும்.