ஒரு லீக்கைத் தனியே சுமந்தவர்

பிளானோவில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டைப் போலவே பேஸ்போலும் பழகிவிட்டது. அந்த ஆட்டத்தின் முன்னோடி ஒருவர் பிறந்த ஊர், இங்கிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய மூன்று மணிநேரத் தொலைவில் உள்ள கல்வேர்ட்.

ரூப் ஃபோஸ்டர் 1879இல் அங்கே ஒரு கறுப்பினப் போதகரின் மகனாகப் பிறந்தார். மேஜர் லீக் அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் அது. பந்தெறிவதில் பெயரெடுத்த அவர் வடக்கே போய், 1911இல் சிக்காகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியை உருவாக்கினார். 1920 பெப்ரவரியில் கன்சாஸ் சிற்றியில் அணி உரிமையாளர்களைக் கூட்டி, நீக்ரோ நஷனல் லீக்கை நிறுவினார். எட்டு அணிகளுடன் அது தொடங்கியது.

கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு அவருடைய வரவுசெலவுதான் முதலில் கண்ணில் படுகிறது. நுழைவுச்சீட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து அவருடைய பங்கு. ஆனால் சம்பளம் கொடுக்க வழியில்லாத அணிகளுக்குத் தன் பணத்தைக் கடனாகக் கொடுத்தவரும் அவரே. எந்த அணி எங்கே ஆடுவது என்பதும் அவர் கையிலேயே இருந்தது.

1926இல் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1930 டிசம்பரில் அங்கேயே இறந்தார். பொருளாதார மந்தமும் சேர்ந்து அழுத்த, மறு வருடம் லீக் கலைந்தது. அதை மேஜர் லீக்காக அங்கீகரித்தது 2020இல்தான்.

நம் ஊர்ச் சங்கங்களையும் தமிழ்ப் பள்ளிகளையும்கூட அநேகமாக ஒருவரே சுமக்கிறார். அவர் படுத்துவிட்டால் கணக்குக் கொப்பி எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் இதை நாம் கேட்டேயாக வேண்டும்.