ஃபோலிக் மாத்திரை முதல் கல்லீரல் புற்றுநோய் ஆய்வு வரை... யார் இந்த சுப்பாராவ்?

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என தென்சென்னைப் புறநகரில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை தருவாங்க. கல்லீரல் புற்றுநோய் எப்படி வளருது என்ற ஆய்விலும் அதே ஃபோலிக் ஆசிட் பேசப்படுகிறது. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர், நம்ம சென்னையில் மருத்துவம் படித்த யெல்லப்பிரகட சுப்பாராவ்.

மெட்ரிக்கில் ரெண்டு தடவை ஃபெயில்

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்துதான் மெட்ரிக் தேறினார். அடுத்து மாநிலக் கல்லூரி, பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கியில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்பிபிஎஸ் கிடைக்காமல் எல்எம்எஸ் என்ற கீழ்நிலைச் சான்றிதழோடு வெளியே வந்தார்.

‘ஸ்ப்ரூ’ என்ற தீராத வயிற்றுப்போக்கு நோய் அவருடைய சகோதரர்கள் இருவரை சில நாள் இடைவெளியில் பறித்தது. அவரையும் அது விடவில்லை. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். இது பின்னால் முக்கியமாகிறது.

கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் கிளம்பினார். ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில் மருத்துவமனையில் கடைநிலை வேலை. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட முறையை பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் இன்னும் படிக்கிறாங்க. இத்தனைக்கும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அந்தக் காலத்தில் கடும் ரத்தசோகைக்கு ஈரல் சாறுதான் மருந்து. ஈரலில் அப்படி என்ன இருக்கு என்று தேடியவர்களில் சுப்பாராவும் ஒருவர். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் ஆசிட்டைத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கும் அது வேலை செய்தது.

இதுக்கும் டிஎன்ஏவுக்கும் என்ன சம்பந்தம்?

டிஎன்ஏவை ஒரு நோட்டுப் புத்தகம்னு வைச்சுக்கோங்க. எழுத்தை அழிக்காமல், சில வரிகள் மேல் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாம். உடம்பு அப்படி ஒட்டும் ஸ்டிக்கர்களில் ஒன்றுதான் ‘மெத்தில்’. மறைத்த வரியை செல் பெரும்பாலும் படிக்காது. எழுத்து மாறாமல் நடக்கும் இப்படிப்பட்ட மாற்றங்களுக்குத்தான் எபிஜெனெட்டிக் மாற்றங்கள் என்று பெயர்.

கல்லீரல் புற்றுநோயில் இந்த ஒட்டும் வேலை தாறுமாறாகிறது. மொத்தமாகப் பார்த்தால் ஸ்டிக்கர்கள் உதிர்கின்றன. ஆனால் செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடும் பி16 போன்ற மரபணுக்கள் மேல் புதிதாக ஒட்டிக்கொள்கின்றன. ஹெபடைட்டிஸ் பி, சி, மது, கொழுப்பு ஈரல் என எந்தக் காரணத்தால் ஈரல் சுருங்கினாலும், கட்டி வருவதற்கு முன்பே, சிரோசிஸ் கட்டத்திலேயே இந்த மாற்றங்கள் சில தெரிய ஆரம்பிக்கின்றன.

மெத்திலைக் கொடுக்கும் ‘சாம்’ என்ற மூலக்கூறு அதிகம் உருவாவது ஈரலில்தான். அதற்கான சப்ளையில் ஃபோலேட்டுக்கும் பங்கு உண்டு. மெத்தில் தரும் சத்துகளைக் குறைத்த உணவை மட்டும் தொடர்ந்து கொடுத்த எலிகளுக்கு, வேறு எந்த நச்சும் தராமலேயே ஈரலில் புற்றுநோய் வந்தது.

அப்போ மாத்திரை சாப்பிட்டா போதுமா?

போதாது. இங்கேதான் சுப்பாராவின் கதை திரும்புது. வேகமாகப் பெருகும் எல்லா செல்லுக்கும் ஃபோலேட் வேண்டும், புற்றுநோய் செல்லுக்கும்தான். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் வகை மருந்து கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் சந்தேகித்தார். ஃபோலேட்டைத் தடுக்கும் அமினோப்டெரினை சுப்பாராவ் குழு தயாரித்துக் கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு தற்காலிகமாக நோய் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான அந்த முடிவு கீமோதெரபியின் ஆரம்பங்களில் ஒன்று. அதே வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்று மூட்டுவாதத்துக்கும் தரப்படுகிறது. அதை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஈரல் பரிசோதனை செய்யச் சொல்வதும் சும்மா இல்லை.

அதனால் கர்ப்பிணிகள் டாக்டர் சொன்ன ஃபோலிக் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஈரலில் கட்டி இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் தானாக வாங்கவும் வேண்டாம். ஈரலுக்கு நிஜமான காவல், அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு இலவசமாகப் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி.

டிஎன்ஏவில் மெத்தில் ஒட்டிய எழுத்து இருப்பது முதலில் தெரியவந்ததும் அதே 1948-ல்தான். அந்த ஆகஸ்டில் 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. நோபலும் இல்லை. 1995-ல் இந்தியா ஒரு தபால்தலை வெளியிட்டது. யானைக்கால் நோய்க்கு நம்ம ஊரில் வீடு வீடாகக் கொடுத்த டிஇசி மாத்திரை ஞாபகம் இருக்கா? அதுவும் அவருடைய லெடர்லே ஆய்வுக்கூடத்தில் இருந்து வந்ததுதான்.